சீல் வைத்த காகிதப்பூ

எங்கள் பனியன் கம்பெனியில் எனக்கு ரிஜெக்ட் அக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே ஜெயபாரதி அக்கா. செக்கிங் டேபிளில் ஒரு பீஸ் என் கைக்கு வந்தால், விட்டுப்போன தையலோ எண்ணெய்க் கறையோ ஊசி ஓட்டையோ என் கண்ணுக்குத் தப்பாது. ஒன்றுமே இல்லாத பீஸாக இருந்தாலும் 'பாஸ்' என்று நான் வாயைத் திறந்து சொன்னதில்லை. "செரி, போகட்டும்" என்று பேக்கிங் பக்கம் தள்ளிவிடுவேன். பாஸ் என்று சொல்லிப் பாருங்கள், டெய்லர்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும், அப்புறம் அவர்கள் தைப்பதை மனுஷன் போட முடியாது.

நான் குள்ளம். செக்கிங் டேபிளுக்குக் கீழே எனக்கென்று ஒரு மரப்பலகை போட்டிருக்கிறார்கள், அதில் ஏறி நின்றால்தான் டேபிள் எட்டும். வலது கால் கொஞ்சம் வளைந்தது வேறு. வயசில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயத்தைத் தின்று, காப்பியைக் குடித்து, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிப் போனார்கள். யாரும் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. கச்சாயத்துக்கு ஆட்டிய பச்சரிசி தண்டமாகப் போனதில்தான் வருத்தம்.

வேலம்பாளையத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் ஒரு காகிதப்பூச் செடி இருக்கிறது. போன்சாய். ஒரு பழைய சாயப்பட்டறையின் சுற்றுச்சுவரை இடித்தபோது ஜேசிபி பிடுங்கி எறிந்த கட்டை அது. முள்ளோடு சேர்த்து வண்டியில் கட்டிக்கொண்டு வந்தேன். நீள வேரையெல்லாம் கழித்து, தட்டு மாதிரி ஆழமில்லாத தொட்டியில் நட்டு, கிளைகளுக்கு அலுமினியக் கம்பி சுற்றி வளைத்து, கம்பி பட்டையில் பதிவதற்குள் அவிழ்த்து, மறுபடி சுற்றி, ஒரு முழம் உயரத்துக்கு மேல் போகவிடாமல் வருஷக்கணக்காக வளர்த்தேன். அடிமரம் என் மணிக்கட்டைவிடத் தடிமன். அதில் ஒரு பொந்து. ஒருபக்கமாகச் சாய்ந்து வளைந்து நிற்கும்.

காகிதப்பூவுக்குப் பாசத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் இலையாகத் தள்ளும். நல்ல வெயிலில் வைத்துக் கொஞ்சம் காயவிட்டு, இலை தொங்குகிற பக்குவம் பார்த்து ஊற்ற வேண்டும். அப்போது இலையே தெரியாமல் பூக்கும். பூத்து ஓய்ந்ததும் கிளைகளைக் கழித்துவிட வேண்டும், புதுத் தளிரில்தான் அடுத்த பூ. இதெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. பகலெல்லாம் குறை தேடிய கண்ணோடு மாடிக்கு வருவேன். அந்தச் செடியில் மட்டும் நான் ஒரு நாளும் குறை தேடியதில்லை.

போன தை மாதம் எங்கள் முதலாளி செந்தில்வேல் என் டேபிளுக்கே வந்துவிட்டார். டென்மார்க்கிலிருந்து, நம்மிடம் சரக்கு வாங்குகிற பையர் அம்மா வருகிறார்களாம், அவர்களுக்குச் செடி என்றால் உயிராம், என் செடியை ஒரே ஒரு நாள் மீட்டிங் ரூமில் வைத்துவிட்டுத் தருகிறாராம். நல்ல மனிதர். தீபாவளி போனஸ் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. எப்படி முடியாது என்பது? செடியும் அப்போது உச்சத்தில் பூத்திருந்தது. எனக்கும் நாலு பேர் பார்க்கட்டுமே என்று ஆசை வந்துவிட்டது. கொண்டுபோனேன்.

பையர் அம்மா கோடைக்கால டி-சர்ட்டுக்கு நிறம் தேடிக்கொண்டிருந்தார்களாம். மேஜை முழுக்கத் துணித் துண்டுகளைப் பரப்பி ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கியவர்கள், என் செடியைப் பார்த்தார்கள். எழுந்து வந்து ஒரு பூவின் மேல் விரலை வைத்து, இதுதான் என்றார்கள்.

எங்கள் தொழிலில் பையர் ஒரு பொருளைத் தொட்டு இதுதான் என்று சொல்லிவிட்டால் அது சாம்பிள். அதில் டேக் கட்டி, பையர் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துவிட்டால், சரக்கு கப்பல் ஏறும்வரை ஆண்டவனே வந்தாலும் தொட முடியாது. ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் நிதிஷ் துடிப்பான பையன். பையர் விரலை எடுப்பதற்குள் டேக்கை நீட்டிவிட்டான். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கே விமானம் ஏறிவிட்டார்கள். சாயந்திரம் செடியை எடுக்கப் போனால் அடிமரத்தில் டேக், அதில் சிவப்பு அரக்கு முத்திரை. செடி சாம்பிள் ரூமில் இரும்பு பீரோவுக்குள் இருந்தது. வெளிச்சம் பட்டால் நிறம் வெளுத்துவிடும் என்பதால் இருட்டில் வைத்திருக்கிறானாம். தண்ணீர் பட்டாலும் நிறம் மாறும் என்பதால் தண்ணீரும் கிடையாதாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே நாலு வாங்கு வாங்கியிருப்பேன். அவன் கதவில் ஒட்டியிருந்ததைக் காட்டினான். சீல் வைத்த சாம்பிளை யாரும் தொடக் கூடாது, வெளிச்சத்தில் வைக்கக் கூடாது, நனைக்கக் கூடாது, வெளியே கொண்டுபோகக் கூடாது. லேமினேட் செய்த அட்டை. கீழே என் கையெழுத்து. முன்பு ஒரு டெய்லர் சீல் வைத்த சாம்பிளைத் துவைத்துப் போட்டுக்கொண்டு மச்சான் கல்யாணத்துக்குப் போய்விட்டான். அந்தக் கூத்துக்குப் பிறகு நான்தான் அந்த அட்டையை ஒட்டவைத்தேன். யாருக்காகவும் தளர்த்தாதே என்று நிதிஷ் வேலைக்குச் சேர்ந்த நாளில் அவனிடம் சொல்லியிருந்தேன். பையன் தளர்த்தவில்லை.

முதலாளியிடம் போனேன். அவருக்கும் சங்கடம்தான். ஆனால் அந்த ஆர்டரை வைத்துத்தான் ஆனி வரைக்கும் மிஷின் ஓடும் என்றார், எத்தனை குடும்பம் என்று எனக்கே தெரியாதா என்றார். ஷிப்மென்ட் ஆனதும் செடி என்னுடையதுதானாம். அதுவரைக்கும் உயிரோடு இருக்க வேண்டுமே என்றேன். பையருக்கு மெயில் போடச் சொன்னார். போட்டோம். சீல் வைத்த சாம்பிளைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு நன்றி என்று பதில் வந்தது.

செடி செத்துப்போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்க்கவே பயமாக இருந்தது. விதியை மீற முடியாது. சரி, விதிக்குள்ளேயே ஏதாவது செய்யலாம் என்று இறங்கினேன்.

நிறம் பார்ப்பதற்கு எங்களிடம் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. உள்ளே பகல் வெளிச்சம் மாதிரி விளக்கெரியும். சாயம் போட்ட துணி வரும்போதெல்லாம் சாம்பிளை அதற்குள் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதற்கு அனுமதி உண்டு. சாதாரணமாக நான் ஒரு பார்வையில் முடிப்பேன். இப்போது ஒவ்வொரு துணிக்கும் செடியை எடுத்துவரச் சொல்லி, லைட் பாக்ஸில் வைத்து, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பாதி நாள் பார்த்தேன். அக்காவுக்கு வயசாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அடுத்து, பருத்தித் துணியைச் சோதிப்பதற்கு முன்னால் ஈரக்காற்றில் வைக்க வேண்டும் என்று லேப் விதியில் இருப்பதைத் தேடிப் பிடித்தேன். செடி பருத்தியா என்று நிதிஷ் கேட்டான். சாம்பிளா இல்லையா என்று நான் கேட்டேன். அவனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பீரோவுக்குள் தொட்டியைச் சுற்றி ஈரத்துணி வைக்க அனுமதி வாங்கினேன். ஈரம் மண்ணில் படாமல் வைக்கிறேன் என்று எழுதிக்கொடுத்தேன். படாமல் எப்படி இருக்கும்?

அப்படியும் செடி மெலிந்தது. இலை பழுத்து உதிர்ந்தது. பூ ஒவ்வொன்றாக வெளிறிக் காய்ந்தது. அப்போதுதான் சாம்பிள் செக்‌ஷன் ராமுத்தாய் ஒரு வழி சொன்னாள். விருதுநகர்ப் பக்கத்துப் பெண், கையில் கலை உள்ளவள். பையர் எதைக் கொடுத்தாலும் அதே மாதிரி இன்னொன்று தைத்துக்காட்டுவது எங்கள் வழக்கம், கவுண்டர் சாம்பிள் என்போம். துணியிலேயே ஒரு செடி தைத்து அதற்கு ஒப்புதல் வாங்கிவிட்டால் நிஜச் செடியை விட்டுவிடுவார்கள் அல்லவா? உட்கார்ந்து தைத்தாள். உள்ளே வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணியை அடைத்து, அதே சாய்வு, அதே வளைவு. அடிமரத்துப் பொந்தைக்கூட பனியன் கழுத்துக்குப் போடுகிற ரிப் துணியில் வைத்துவிட்டாள். எனக்கே கண் கலங்கியது.

பையர் ஆபீஸிலிருந்து ஆள் வந்து டேப் வைத்து அளந்தார். துணிச் செடியில் இலை அதிகம், நிஜச் செடியில் குறைவு. அளவு ஒத்துவரவில்லை. ராமுத்தாய் தைத்து முடிப்பதற்குள் நிஜச் செடி மேலும் கொட்டியிருந்தது. நிதிஷ் அதைச் சாம்பிளின் சுருக்கம் என்று ரிப்போர்ட்டில் எழுதினான். கூடவே, இது மீடியம்தானே, ஸ்மாலும் லார்ஜும் எக்ஸ்எல்லும் எங்கே என்று கேட்டு மெயில் வந்தது. பாவம் ராமுத்தாய், நாலு சைஸிலும் தைத்தாள். எக்ஸ்எல் செடி என்னைவிட உயரம்.

அந்த நாலு துணிச் செடிகளையும் ரிசப்ஷன் ஜன்னலோரம் நல்ல வெயிலில் வைத்தார்கள். வாட்ச்மேன் தினமும் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். என் செடி இருட்டில் தொண்டை வறண்டு கிடக்க, கட்டிங் வேஸ்ட் வாளி வாளியாகக் குடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் கேன்டீனில் சோற்றைத் தொடவில்லை. பாத்ரூமில் போய் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அழுது முகம் கழுவும்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒரு பொருள் இந்தக் கம்பெனியை விட்டு வெளியே போக இரண்டே வழி. ஒன்று ஷிப்மென்ட். இன்னொன்று ரிஜெக்ட். ரிஜெக்ட் செய்வது யார் வேலை?

நேரே முதலாளி ரூமுக்குப் போனேன். சாம்பிளே பழுதாகிவிட்டது, அதில் குறை இருக்கிறது, டேபிளில் வைத்துச் செக் செய்ய அனுமதி வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, உங்க செடிய நீங்களே ரிஜெக்ட் பண்ணுவீங்களா?"

"கொறை இருந்தா யாரூட்டுதா இருந்தாலும் ரிஜெக்ட் தானுங்க."

பையருக்கு எழுதினார். குறையை நிரூபித்தால் செடியைக் கழித்துவிடலாம், இதுவரை சாயம் போட்டதில் மேடம் ஒப்புக்கொண்ட துணித் துண்டையே இனிச் சாம்பிளாக வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. குறை ஒவ்வொன்றும் எல்லார் முன்னிலையிலும் சொல்லப்பட்டுப் பதிவாக வேண்டும்.

மறுநாள் டீ இடைவேளை முடிந்ததும் மிஷின்களை நிறுத்திவிட்டார்கள். செடியைக் கொண்டுவந்து என் டேபிளில் வைத்தான் நிதிஷ். நான் பலகையில் ஏறி நின்றேன். டெய்லர்கள், பேக்கிங் பெண்கள், அயர்ன் பையன்கள், கட்டிங் மாஸ்டர் பெருமாள்சாமி எல்லாரும் சுற்றி நின்றார்கள். ரிஜெக்ட் அக்கா இன்றைக்குத் தன் செடியையே என்ன செய்கிறாள் பார்ப்போம் என்ற ஆவல் அவர்கள் முகத்தில் தெரிந்தது.

முதல் குறையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"உயரம் பத்தாது" என்றேன்.

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். பலகை என் காலடியில் லேசாக ஆடியது. அடுத்ததைச் சொன்னேன். அடி வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் சாய்வு. வலது பக்கமும் இடது பக்கமும் ஒன்றுபோல இல்லை. அடிமரத்தில் ஓட்டை. பட்டையில் தழும்பு. வயசுக்கேற்ற வளர்ச்சி இல்லை. பக்கத்தில் நிற்கும் எதோடும் ஒத்துப்போகவில்லை. நிதிஷ் ஒவ்வொன்றாக எழுதினான். இந்த வார்த்தைகளையெல்லாம் நான் முன்பே கேட்டிருக்கிறேன், கச்சாயத் தட்டுக்கு அந்தப் பக்கமிருந்து. அந்தச் செடியை இத்தனை வருஷம் நான் எதற்காகவெல்லாம் ஆசை ஆசையாகப் பார்த்தேனோ, அத்தனையையும் அன்றைக்குக் குறை என்று நானே சொன்னேன். 

"ரிஜெக்ட்" என்று முடித்தேன். சீலை உடைத்துப் பழைய டேக்கை எடுத்துவிட்டு, சிவப்பு ரிஜெக்ட் டேக்கைக் கட்டினான் நிதிஷ். நான் கையெழுத்துப் போட்டேன். முதலாளி போட்டார்.

அதோடு விட்டதா? ரிஜெக்ட் ஆனதை நல்ல சரக்கு என்று யாரும் வெளியில் விற்றுவிடக் கூடாது என்பதற்காக, எங்கள் கம்பெனியில் அதை வெட்டித்தான் அனுப்புவோம். ஒருமுறை கேட்டைத் தாண்டிவிட்டால் திரும்ப உள்ளே வரவும் கூடாது. இது என் விதியில்லை, முதலாளி போட்டது. கட்டிங் மாஸ்டர் பெருமாள்சாமி அடுக்குத் துணியை அறுக்கிற கரண்ட் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று கையுறையும் போட்டிருந்தார்.

"தள்ளி நில்லுங்க மாஸ்டர். நானே வெட்டறேன்" என்றேன்.

பேக்கிங் செக்‌ஷன் பெரிய கத்தரியை வாங்கினேன். நுனியில் நீண்டு தொங்கிய கிளைகளை வெட்டினேன். குறுக்கே போனதை வெட்டினேன். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு கணு மட்டும் விட்டு மேலே இருந்ததையெல்லாம் கழித்தேன். மிச்சமிருந்த இலையும் போனது. டேபிளில் மொட்டைக் கட்டை நின்றது. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பெத்த பிள்ளையக் கொல்லுற மாதிரி இருக்கேக்கா" என்று ராமுத்தாய் விம்மினாள்.

பூ ஓய்ந்த காகிதப்பூவை மாசி வாக்கில் நான் வருஷா வருஷம் இப்படித்தான் கழிக்கிறேன் என்பதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? ஆனாலும் இருட்டில் கிடந்த செடி, துளிர்க்கத் தெம்பு இருக்குமோ என்னவோ.

ரிஜெக்ட் சரக்கு, அதை மலிவாக வாங்கி விற்கிற செகண்ட்ஸ் வியாபாரி வண்டியில்தான் கேட்டைத் தாண்ட வேண்டும். பெரியகருப்பன் அண்ணன் வண்டியில், கை கிழிந்த பனியன் மூட்டைகளுக்கு நடுவில், தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெரு திரும்பியதும் அவர் வண்டியை ஓரங்கட்டி, பூவுமில்லை இலையுமில்லை, இதை யார் தலையில் கட்டுவது, நீங்களே கொண்டுபோங்கள் என்றார். அந்த மனிதருக்கு நான் கோயில்தான் கட்டவில்லை.

மாடியில் முதலில் நிழலில் வைத்தேன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்தினேன். தினமும் போய்ப் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பச்சை இருக்கிறதா என்று பார்ப்பேன். பங்குனி வெயில் ஏறியபோது கணுவில் கடுகளவு சிவப்பாகத் துளிர் தெரிந்தது. அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு காயவிட்டேன், பக்குவம் பார்த்து ஊற்றினேன். வைகாசியில் பூத்தது பாருங்கள், தொட்டியே தெரியவில்லை.

சரக்குக் கப்பல் ஏறியதும் பையர் அம்மா மறுபடி வந்தார்கள். அந்தச் செடி என்ன ஆயிற்று என்று அவர்களே கேட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை முதலாளி அவர்களையும் நிதிஷையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். ராமுத்தாயும் அன்றைக்கு என்னைப் பார்க்க வந்திருந்தாள். எல்லாரும் மாடி ஏறினோம். செடியைப் பார்த்ததும் முதலாளி, நாளைக்கே இதை மீட்டிங் ரூமில் வைத்துவிடலாம், அடுத்த சீசனுக்கும் ஆயிற்று என்று ஆரம்பித்தார்.

நான் பூவை விலக்கி அடிமரத்தைக் காட்டினேன். சிவப்பு டேக் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை அவிழ்க்கவே இல்லை.

"ரிஜெக்ட் ஆனது திரும்பக் கேட்டுக்குள்ள வரக் கூடாதுங்க. நீங்க போட்ட ரூல் தானுங்க. கையெழுத்தும் உங்களுதுதானுங்க."

அவர் டேக்கைப் படித்தார். அதைப் பழையபடி பூவுக்குள் விட்டுவிட்டார். பையர் அம்மா அந்த நிறத்து டி-சர்ட்டைத்தான் போட்டிருந்தார்கள். கைப்பகுதியைப் பூவோடு சேர்த்துப் பிடித்து, தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். போன முறை பூத்ததைவிட இது ஒரு சாயல் வெளுப்பு. வெயிலும் மாசமும் மாறினால் பூ மாறத்தானே செய்யும்? அவர்கள் நிதிஷிடம் இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார்கள். அவன் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு என்னிடம் திரும்பினான். டி-சர்ட் நிறத்துக்குப் பூ ஒத்துவரவில்லையாம், இந்தப் பூவை ஏற்க முடியாதாம், மேடம் வருத்தப்படுகிறார்களாம்.

எனக்கும் வருத்தம்தான் என்று சொல்லச் சொன்னேன்.

காப்பி கொடுத்தேன். கச்சாயம் சுட்டு வைத்திருந்தேன், தின்றார்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்கிற மாதிரியே தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்கள். கார் தெருமுனை திரும்பியதும் ராமுத்தாய் செடிப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அக்கா, அன்னைக்கு டேபிள்ல சொன்ன கொறையெல்லாம் நெசமாவே இதுல இருக்காக்கா?"

"எல்லாமே இருக்குது கண்ணு. ஒண்ணுகூடப் பொய்யில்ல" என்றேன்.

தண்ணீர்ச் செம்பை எடுத்துத் தொட்டி ஓரமாக ஊற்றினேன்.

"பாஸ்" என்றேன்.